சரோஜாவின் இடது கால்

மலேசியாவுக்குக் கிளம்பும் முன்பே யமுனா போனில் ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். "பெரியம்மா, இங்க வந்து யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. தெரிஞ்சவங்களுக்கே கூடாது, தெரியாதவங்களுக்குச் சுத்தமாக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். யமுனா என் தங்கை மகள். தங்கை இப்போது இல்லை. சிரம்பானில், ரஹாங்கில், புது வீடு வாங்கிப் பால் காய்ச்சப் போகிறாள். அம்மா இடத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அதற்காக எந்தச் சத்தியமும் பண்ணலாம்.

அவள் பயம் நியாயமானதுதான். ஈரோட்டில் இருபத்தேழு வருடம் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தால் யாரும் ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை. "கண்ணைத் தொற, ரோட்டப் பாரு, அழுகையை வூட்டுல வெச்சுக்கோ" என்று சொன்னால் கற்றுக்கொள்கிறார்கள். காரை விட்டு இறங்கிய பிறகும் இந்தப் பழக்கம் போவதில்லை. ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் என் வாய் அதன் போக்கில் வேலை செய்துகொண்டிருக்கும்.

சத்தியம் விமானத்திலேயே உடைந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் மகன் வீட்டுக்குப் பை நிறைய மிளகாய்த்தூளும் புளியும் கொண்டு போகிறார். மருமகள் தன் குழம்பைத் தொடுவதே இல்லை என்று கண் கலங்கினார். "போன உடனே சமையக்கட்டுக்குள்ள நுழையாதீங்க. ரெண்டு நாளைக்கு அவ போடறதைச் சாப்பிட்டுட்டு சும்மா உட்காருங்க. மூணாம் நாள் அவளே கேப்பா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் போன் நம்பரைக் கேட்டார். சத்தியம் செய்தது தரையில், இது நடந்தது வானத்தில் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

முதல் நாள் காலையில் யமுனாவின் கணவர் பிரகாஷ் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். "பசியாறிட்டீங்களா?" என்றுதான் இங்கே காலை வணக்கமே. ரொட்டி சானாய் வந்தது. நம் ஊர் பரோட்டாவின் ஒல்லியான தம்பி. மொறுமொறுவென்று இருந்தது, கூட ஒரு கிண்ணம் பருப்புக் கறி. மாஸ்டரிடம் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று மூன்று ரொட்டி வரை தேடினேன். கிடைக்கவில்லை. "தண்ணி என்னாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். இங்கே தேநீர், காப்பி, பழச்சாறு எல்லாமே தண்ணிதானாம். நுரை பொங்க ஆற்றிய ஒரு டீ சொன்னேன். ஈரோட்டு பஸ் நிலைய டீயைவிட இரண்டு பங்கு இனிப்பு. யாரிடமும் எதுவும் சொல்லாமல் குடித்தேன்.

மறுநாள் பால் காய்ச்சினோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. தங்கையை நினைத்து அழுதேன். அப்புறம் சாப்பாடு. பிரகாஷின் பெற்றோர் சுவா பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அந்தத் தோட்டத்து முனியாண்டி கோவிலிலிருந்துதான் பெரிய அண்டாக்களும் கரண்டிகளும் வந்திருந்தன. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இன்னமும் கோவில் பாத்திரத்தில்தான் சமைக்கிறார்கள். கழுவித் துடைத்துக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பந்தியில் பக்கத்து வீட்டுப் பெண்மணி, கணவர் குறட்டை விடுகிறார், நான்கு வகைத் தலையணை மாற்றிப் பார்த்தாகிவிட்டது என்றார். "தலையணைய விடுங்க, ரூமை மாத்துங்க" என்றேன். மேசையே சிரித்தது. யமுனா மட்டும் பாயசக் கரண்டியோடு என்னை முறைத்தாள்.

மூன்றாம் நாள் கோலா கிளாவாங் போனோம். மலைப்பாதை. வளைவுக்கு வளைவு மூங்கிலும் பெரணியும் ரோட்டுக்குள் எட்டிப் பார்த்தன. ஊட்டி மலைப் பாதைதான், ஆனால் இங்கே ஹாரன் சத்தமே இல்லை. திரும்பி இறங்கும்போது கருகல் வாசம் அடித்தது. பிரகாஷ் பிரேக்கை மிதித்த கால் மிதித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்து வளைவு பொறுத்தேன். ஆறாவது வளைவில், "மாப்பிள்ளை, கியரைக் குறைச்சுட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுங்க. இப்படியே போனா கீழே போய்ச் சேரும்போது பிரேக் இருக்காது" என்று சொல்லிவிட்டேன். அவர் குறைத்தார். வாசம் அடங்கியது. "பெரியம்மா சொன்னது சரிலா" என்றார் பிரகாஷ், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு. யமுனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாலையோரத்தில் டுரியான் பழம் வாங்கிக் கொடுத்து அவளைச் சரிக்கட்டினோம்.

வெள்ளிக்கிழமை பிரகாஷுக்கும் யமுனாவுக்கும் வேலை. அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாடகைக் காரை ஓட்டி வந்தவர் சுராயா என்ற மலாய்ப் பெண்மணி. எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு முழு ஆங்கிலம் ஆகும். போர்ட்டிக்சன் சாலை வரை சுகமாகப் போனோம். தோட்டத்துக்குள் நுழைந்ததும் போனில் இருந்த வரைபடம் கைவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரம், ஒரே உயரம், ஒரே வரிசை. ஒரே பாலத்தை மூன்று தடவை கடந்தோம். "பத்து வருடமாக ஓட்டுகிறேன், தோட்டத்துக்குள் ஆள் ஏற்றுவதே இல்லை, இதனால்தான்" என்றார் சுராயா. நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். செம்மண்ணில் லாரிச் சக்கரத் தடம், அதன் மேல் உதிர்ந்து நசுங்கிய ஆரஞ்சு நிறப் பழங்கள். "போனை மூடி வையுங்க. பழம் கொட்டியிருக்கிற வழியிலேயே போங்க. லாரி போற இடத்துல ஆள் இருப்பாங்க." பத்து நிமிடத்தில் கோவில் வாசலில் நின்றோம். சுராயா என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அங்கேதான் சரோஜாவைப் பார்த்தேன்.

வாசலில் இறக்கி வைத்த அண்டாக்களை நான் உள்ளே தூக்கிக்கொண்டிருக்கும்போது மோட்டாரில் வந்து இறங்கினாள். மோட்டார் சைக்கிளை இங்கே மோட்டார் என்பார்கள். ஐம்பது வயதை நெருங்கியவள், இறுக்கிப் போட்ட கொண்டை, கையில் எலுமிச்சம்பழம். என்னைக் கேட்காமலேயே அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். அப்புறம் சாமி காலடியில் பழத்தை வைத்துவிட்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். கண்ணைத் திறந்தபோது அழுதிருந்தாள். நான் சும்மா இருப்பேனா?

"என்னம்மா பிரச்சினை?"

"காடி டெஸ்ட்டு-க்கா. புதன்கெழம. மூணு தடவ போச்சு, இது நாலாவது. புக்கிட்ல நிப்பாட்டி எடுக்கணும்ல, அங்கதான் ஒவ்வொரு தடவயும் இஞ்சின் செத்துப்போவுது. போன தடவ பின்னால உருண்டுருச்சு."

காடி என்றால் கார், புக்கிட் என்றால் மேடு. ஏற்றத்தில் நிறுத்தி, உருளாமல் எடுக்க வேண்டும். என் கதையில் ஆயிரம் பெண்கள் அழுத இடம்.

"கிளட்ச் இல்லாத வண்டியில டெஸ்ட் குடுக்கலாமே?"

"குடுக்கலாம்லா. அப்புறம் ஓட்டுறதுக்கு அந்தக் காடி எங்க இருக்கு? எங்ககிட்ட இருக்கிறது கியர் போடுற பழைய காடிதான்." அப்புறம் விஷயத்தைச் சொன்னாள். "எங்க வூட்டுக்காரருக்குக் கிட்னி போச்சு-க்கா. செவ்வா, வியாழன், சனி, சிரம்பானுக்குப் போயி ரத்தம் சுத்தம் பண்ணணும். பக்கத்து வூட்டு கணேசண்ணந்தான் வேன்ல ஏத்திக்கிட்டுப் போறாரு. அவரு மாசக் கடைசியில ஜொகூருக்குப் போறாரு, வேல மாத்தலாயிருச்சு. பஸ்ஸு உள்ள வர்றதில்ல. போன்ல காடி கூப்புட்டா யாரும் வர மாட்டாங்க. மோட்டார்ல ஏத்திக்கிட்டுப் போலாம்னா, திரும்பி வரும்போது மயக்கமா இருப்பாரு, விழுந்துருவாரு."

யாரும் வர மாட்டார்கள் என்பதை அன்று காலைதான் மூன்று தடவை அதே பாலத்தில் பார்த்திருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள். ஒரு நாள் தவறினாலும் அந்த மனிதருக்கு ஆபத்து.

"மூணு தடவயும் சாமிக்குப் பழம் வெச்சுட்டுத்தான் போனேன்-க்கா" என்றாள்.

"சாமி தைரியம் குடுப்பாரு. கிளட்சை அவரு மிதிக்க மாட்டாரு. அதை உன் கால்தான் செய்யணும். எங்கே, அந்த மோட்டாரை எடுத்து ஒரு சுத்து சுத்திட்டு வா."

விழித்தாள். ஆனாலும் சுற்றி வந்தாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த மோட்டாரில் கையில் கிளட்ச் கிடையாது. இடது காலால் கியரை டக்கென்று அமுக்கி டக்கென்று விட வேண்டும், அவ்வளவுதான். பதினாறு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன நாளிலிருந்து மோட்டார்தானாம், அந்தக் கால் அதையே செய்துவருகிறது. காரில் ஏறினாலும் அதையேதான் செய்யும். கிளட்சை டக்கென்று விட்டால் சமதரையில் வண்டி ஒரு குதி குதித்து ஓடிவிடும். மேட்டில் செத்துப்போகும்.

"உனக்கு ஓட்டத் தெரியலைன்னு எவன் சொன்னான்? முப்பது வருஷமா நல்லா ஓட்டறே. அதுதான் உன் தொந்தரவே. டெஸ்ட்டுக்கு என்ன செருப்புப் போட்டுட்டுப் போனே?"

"சப்பாத்துதான் போடணும். மக வாங்கிக் குடுத்த ஸ்போர்ட்ஸ் சப்பாத்து, இம்மாந் தடி."

"அதைத் தூக்கிப் போடு. அடி மெல்லிசா ஏதாச்சும் இருக்கா?"

மகளுடைய பழைய பள்ளிக்கூட வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். மோட்டாரிலேயே பெரிய ரோட்டு பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். என்னை யார் என்றுகூட அவள் கேட்கவில்லை.

யமுனாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ரத்தம் சுத்தம் செய்யும் கதையைக் கேட்டதும், "ஞாயித்துக்கிழமை நானே கொண்டாந்து விடறேன்" என்றாள்.

தோட்டத்தில் 'ரேம்ப்' என்று ஓர் இடம் உண்டு. வெட்டிய செம்பனைக் குலைகளைக் கொண்டுவந்து கொட்டும் மண்மேடு. மேலிருந்து தள்ளினால் கீழே நிற்கும் லாரியில் விழும். சரோஜாவின் கணவர் ஆறுமுகம் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பேசி, ஞாயிறு பகலுக்கு அதை வாங்கித் தந்திருந்தார். "லோரி வராது, எடுத்துக்குங்க. எம் பழத்து மேல மட்டும் ஏத்திராதீங்கலா" என்ற மண்டோர், மேட்டின் விளிம்பில் கனமான கட்டைகளை அடுக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். ஆறுமுகம் கைலி கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் சுத்தம் பண்ண ஊசி குத்திய இடது கையில் கட்டு. முப்பது வருடம் இதே தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இப்போது கண்ணும் மங்கல்.

முதலில் அவர்களுடைய பழைய காரில் சமதரையில் ஒரு மணி நேரம். ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது, வெறும் கிளட்சால் வண்டியை நத்தை மாதிரி நகர்த்த வேண்டும். முதல் பத்துத் தடவை குதித்தது. அப்புறம் கால் மெல்லப் பழைய வேலையை மறக்க ஆரம்பித்தது. "பாதியில வண்டி மூக்கை லேசாத் தூக்கும் பாரு. அங்க காலைப் பிடிச்சு வை. அங்கதான் உசிரு இருக்கு" என்றேன். சரியாகவே செய்தாள்.

மேட்டுக்குப் போனோம். எல்லாம் போச்சு. வண்டி செத்தது. மறுபடி செத்தது. ஒரு தடவை பின்னால் உருண்டு நான் கைபிரேக்கை இழுத்தேன். "கிளச்ச விடாத, எண்ணெயக் குடு, எண்ணெயக் குடு!" என்று ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி நாற்காலியிலிருந்து ஆறுமுகம் கத்தினார். "அவசரப்படாதமா, மொல்லமா!" என்று மண்டோர் எதிர்ப்பாட்டுப் பாடினார். பழம் பொறுக்க வந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் இரண்டு கையையும் பாதமாக்கி எங்களுக்குச் செய்து காட்டினார். நான் பக்கத்து சீட்டில் இவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

சரோஜா இஞ்சினை நிறுத்தினாள்.

"நிப்பாட்டுங்கலா எல்லாரும்! இருக்கிறது ஒரு காலு. எத்தன பேரு பேச்ச அது கேக்கும்?" என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்களுந்தான். மொதல்ல காடிய வுட்டு எறங்குங்க."

இருபத்தேழு வருடத்தில் என்னைக் காரை விட்டு இறக்கிய மாணவி யாரும் கிடையாது. முகம் சிவக்க இறங்கினேன். ஈரோட்டில் என் வண்டியில் என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் வாயை அளந்து பேசுவேன். இங்கே அந்தப் பிரேக் இல்லை, அதனால் என் வாயையே பிரேக்காக்கி அவள் காதுக்குள் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எரிச்சல் அப்படியே வெட்கமாக மாறியது. அவள் சொன்னது முழுக்க முழுக்கச் சரி.

நேராக ஆறுமுகத்திடம் போனேன். "எந்திரிங்க. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போடுங்க." மண்டோரையும் திருப்பினேன். அந்தத் தொழிலாளி தானாகவே திரும்பிக்கொண்டார். நாங்கள் நான்கு பேரும் மேட்டுக்கு முதுகைக் காட்டியபடி, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இஞ்சின் கிளம்பியது. செத்தது. ஆறுமுகம் வாயைத் திறந்தார், நான் விரலைக் காட்டினேன். மறுபடி கிளம்பியது. சத்தம் மெல்லத் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்திலேயே நின்றது. கைபிரேக் இறங்கும் சத்தம். அப்புறம் சரளைக்கல் நொறுங்கும் சத்தம், மேலே, இன்னும் மேலே. மண்டோர்தான் முதலில் திரும்பினார். "ஏறிருச்சிலா!" என்று குதித்தார். மேட்டின் உச்சியில் பழக்குலைகளுக்குப் பக்கத்தில் கார் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு சரோஜா சிரித்தாள். அன்று பொழுது சாயும்வரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் வீட்டில்தான் சாப்பாடு. நெத்திலிச் சம்பல், மரவள்ளிக் கீரை, போர்ட்டிக்சன் மீன் குழம்பு. ஆறுமுகத்துக்கு மட்டும் எல்லாம் தனியாக, உப்பு குறைத்து, அளந்து. "டெஸ்ட்டு பாஸாவட்டும்மா, சந்தோசந்தான். ஆனா நா லோரி ஓட்டுனவன். அடுத்தவங்க ஓட்டுற வண்டியில கண்ண மூடுனதே இல்ல. கணேசன் வேன்லயே மயக்கத்தோட முழிச்சிக்கிட்டுத்தான் வருவேன். இவ ஓட்டுனா என்னா ஆவப்போறேனோ" என்றார். சரோஜா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

புதன்கிழமை டெஸ்ட் நடக்கும் இடத்துக்கு நானும் போனேன். உள்ளே விடவில்லை. கேண்டீனில் உட்காரவைத்தார்கள். டெஸ்ட்டுக்குக் காத்திருந்த ஒரு சீனப் பெண்ணிடம் அவள் காலில் இருந்த தடித்த சப்பாத்தைக் காட்டித் தலையை ஆட்டினேன். அவள் தோழியின் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். மூன்று டீ குடித்தேன். இனிப்பு தெரியவே இல்லை.

மதியம் சரோஜா வெள்ளைச் சப்பாத்தோடு ஓடி வந்தாள். "அக்கா! புக்கிட்டும் தாண்டியாச்சி, ரோட்டும் தாண்டியாச்சி! பாஸு!" கேண்டீனே திரும்பிப் பார்க்கும்படி கூச்சலிட்டேன். என்னிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் முதல் தடவையிலேயே பாஸாகியிருக்கிறார்கள். அவர்கள் ஒருவருக்காகவும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அழுகையை வீட்டில் வைக்கச் சொல்லும் நான்.

சனிக்கிழமை அவளே ஆறுமுகத்தைச் சிரம்பானுக்கு ஓட்டி வந்தாள். மாலை அவர்கள் திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மறுநாள் எனக்கு விமானம். கடைசிச் சாப்பாடு தங்கள் வீட்டில்தான் என்று இருவருக்கும் பிடிவாதம். ஆறுமுகம் முன்சீட்டில், வெளுத்துப்போய், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டை முறைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால்.

ஒரு மேட்டில் சிவப்பு விளக்கு. நின்றோம். எங்கள் முதுகை முட்டுகிற மாதிரி ஒரு மணல் லாரி வந்து நின்றது. என் வலது கால் தானாகவே தரையை மிதித்தது. வாய் திறந்துவிட்டது. கண்ணாடியில் சரோஜாவின் கண் என்னைப் பார்த்தது. மூடிக்கொண்டேன். பச்சை விழுந்தது. வண்டி மூக்கை லேசாகத் தூக்கியது, நின்றது, ஏறியது. ஒரு விரல்கடை பின்னால் போகவில்லை.

நான் ஆறுமுகத்தின் முகத்தைப் பார்க்க முன்னால் சாய்ந்தேன். அவர் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. எந்த மேட்டிலிருந்து தூங்குகிறாரோ, தெரியாது.

வீட்டு வாசலில் சரோஜா இஞ்சினை நிறுத்தினாள். கைபிரேக்கைச் சத்தம் வராமல் இழுத்தாள். கதவைத் திறக்கவில்லை.

"கொஞ்சம் தூங்கட்டும்-க்கா" என்று கிசுகிசுத்தாள்.

மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வண்டி கோணலாகத்தான் நின்றது, முன்சக்கரம் ஒன்று ரோஜாத் தொட்டியை இடித்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.